ராணியம்மாளின் நல்ல தண்ணீர்க் குடம்

"கைய நீட்டு. ரெண்டு கையும். இப்பப் பொறட்டு."

படகில் கால் வைக்கிற யாராக இருந்தாலும் ராணியம்மாளின் வரவேற்பு இதுதான். பட்டணத்துக்காரர்கள் சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள். தொப்பி போட்டவர், தோளில் காமிரா மாட்டியவர், டிரான்சிஸ்டரை மார்போடு அணைத்தவர், யாருக்கும் விலக்கு இல்லை. கையில் கீறலோ வெட்டுக் காயமோ இருந்தால் கிளை எட்டாத நடுப்பலகையில் உட்கார வைப்பாள். குழந்தைகளுக்கும் அந்த இடம்தான். "என்னம்மா, பள்ளிக்கூடத்துல நகம் பாக்குற மாதிரி பாக்குறே?" என்று யாராவது கேட்டால், "நகம் போனா மொளைக்கும். ஏறு" என்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் அடுத்தவர் கைக்குப் போயிருப்பாள்.

கிள்ளையைத் தாண்டி, உப்பங்கழி சுரபுன்னைக் காட்டுக்குள் கிளை கிளையாகப் பிரிகிற பிச்சாவரத்தில்தான் இந்தப் படகு. ஞாயிற்றுக்கிழமை தோறும் மணவாளன் ஆட்களைக் கூட்டிவருவார். சிதம்பரம் ரயிலடிக்கு அருகில் லாட்ஜ் வைத்திருப்பவர். சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்குகிறவர்களைக் குளிக்க வைத்து, இட்டிலி கொடுத்து, வேனில் ஏற்றி, காட்டைக் காட்டி, மாலையில் நடராசர் தரிசனமும் செய்வித்து, மறுபடி ரயிலேற்றிவிடுவார். "ஒருநாள் இயற்கை உலா" என்று நோட்டீசு அடித்திருக்கிறார். நல்ல சாப்பாடு போடுவார். பேச்சும் நன்றாக இருக்கும். ராணியம்மாளுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

நாற்பதைத் தாண்டிய உடம்பு. புடவைக்கு மேல் புருசனின் பழைய சட்டை. வாயில் எப்போதும் வெற்றிலை. அவள் உட்காருவது படகின் முன்முனையில். இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு பித்தளைக் குடம், கொட்டாங்கச்சியால் மூடியிருக்கும். ஊருக்குள் இருக்கும் கிணற்றிலிருந்து அவளே இடுப்பில் சுமந்து வருகிற நல்ல தண்ணீர் அது. வெயிலில் நாக்கு வறண்டு யாராவது கேட்டால்கூடக் கொடுக்க மாட்டாள்.

"குடிக்கிற தண்ணி இல்ல அது."

"பின்ன எதுக்கு?"

"கம்முனு வா."

கஞ்சப் பிசினாரி என்று பட்டணத்துப் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். கரையில் டீக்கடை வைத்திருக்கும் அப்துல் ஜலீலுக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. "ராணியக்கா, நீங்க இருக்கறப்ப இந்தக் காட்டுக்கு முதலை எதுக்கு?" என்பார். "முதலை கடிச்சாத்தான் வலிக்கும் ஜலீலு. ஒன் டீயக் குடிச்சாலே வலிக்குது" என்று அவள் குடத்தை இறக்காமலே பதில் சொல்லிவிட்டுப் போவாள்.

படகு நகர்ந்ததும் கத்த ஆரம்பிப்பாள். "சோத்தாங்கைப் பக்கம் போய்யா! இன்னும்! போதும், நிறுத்து. இப்பப் பீச்சாங்கைப் பக்கம். வேர்ல முட்டப் போற, வேர்ல!" பின்முனையில் மூங்கில் கோலை ஊன்றித் தள்ளும் அவள் புருசன் பூவராகன், கறுப்புக் கண்ணாடிக்குள் சிரித்துக்கொண்டு, சொன்ன பக்கமெல்லாம் திருப்புவான். பாவம், இப்படியா ஒரு பெண்பிள்ளை புருசனை விரட்டுவாள் என்று வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அவளும் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் படகு எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியாது. பூவராகனுக்கு ஒரு கண் அடியோடு போய்விட்டது. மற்றதில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும்.

ஒன்றைக் கவனித்தால் தெரியும். அத்தனை ஏச்சிலும், ஊரில் எல்லாரும் சர்வ சாதாரணமாகச் சொல்லும் "கண்ணு என்னா அவிஞ்சா போச்சு?" என்ற பேச்சு மட்டும் அவள் வாயில் வந்ததே இல்லை.

அவன் கண் போனது தில்லை மரம் செய்த வேலை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அந்த மரத்தால்தான். ஊருக்குள் இன்று ஒன்றுகூட இல்லை. இந்தக் காட்டில்தான் சுரபுன்னையோடு கலந்து நிற்கிறது. இலையைக் கிள்ளினாலும் பால் கொட்டும். தோலில் பட்டால் கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் கண் போகும். பூவராகன் முன்பு இங்கே விறகு வெட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் கோடாலி இறங்கின வேகத்தில் பால் தெறித்தது. கண்ணைக் கசக்கினான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர்தான், அத்தனையும் உப்பு. அதை அள்ளித்தான் கழுவினான். நல்ல தண்ணீர் ஒரு செம்பு கையோடு இருந்திருந்தால் என்று வைத்தியர் சொன்னாராம். அன்றிலிருந்து அந்தக் குடம் இல்லாமல் படகு கரையை விட்டுக் கிளம்பினதில்லை.

சாமியிடமும் அவளுக்குச் சண்டைதான். திருவாதிரைக்குத் தவறாமல் போவாள். கூட்டத்தில் இடித்துக்கொண்டு முன்னால் நின்று, "நீ நின்னு ஆடறதுக்கு வேற மரமே கெடைக்கலியா? ஒரு புளிய மரம், ஒரு வேப்ப மரம்?" என்று முணுமுணுப்பாள். கர்ப்பூரத் தட்டு வந்ததும் சுடரின் மேல் இரண்டு கையையும் வைப்பாள். எல்லாரும் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது, இவள் திரும்பிப் புருசன் கண்களில் ஒற்றுவாள். மிச்சம் இருப்பதையாவது விட்டுவை என்று கேட்கிறாளோ என்னவோ. அப்போது மட்டும் அவள் முகத்தில் கோபம் இராது.

அந்தக் கறுப்புக் கண்ணாடியை வாங்கிக் கொடுத்தவர் மணவாளன். அன்பினால் அல்ல. படகோட்டியின் கண்ணைப் பார்த்தால் வந்தவர்கள் மிரள்வார்கள் என்பதற்காக. அதைக்கூட ராணியம்மாள் பொறுத்துக்கொண்டாள். தை மாதத்திலிருந்து அவர் புதிதாக ஒன்று ஆரம்பித்தார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

படகு தில்லை மரத்தடிக்கு வந்ததும் எழுந்து நிற்பார். "சிதம்பர க்ஷேத்திரத்தோட ஸ்தல விருட்சம் இதுதான். கோயில்லகூட இப்பக் கெடையாது. ஆளுக்கொரு கொழுந்து எடுத்துட்டுப் போங்க, பூஜையில வைங்க" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து விரல்களில் சுற்றிக்கொண்டு, கொத்துக் கொத்தாக ஒடித்துக் கொடுப்பார். வந்தவர்களுக்கு மெய்சிலிர்க்கும். ராணியம்மாள் முடிந்தவரை தந்திரம் செய்தாள். "கோயிலுக்குப் போனப்புறம்தான் தொடணும்" என்று பொய் சொல்லிக் கொழுந்தையெல்லாம் ஒரு கூடையில் வாங்கி வைத்து, கரை வந்ததும் கால் தட்டிவிட்டாற்போல் தண்ணீரில் கவிழ்த்துவிடுவாள். இரண்டாம் வாரமே மணவாளன் கண்டுபிடித்துக் கூடையைத் தூக்கி எறிந்தார்.

ஜலீல் கடை வாசலில் அன்றைக்குப் பெரிய பேச்சாகிவிட்டது.

"ஒங் கைக்கு மட்டும் கர்ச்சீப்பு. அவுங்க கைக்கு வெறும் பாலு. ஏன் மொதலாளி?"

"ஜனங்க ஆசைப்படுறாங்க ராணி. சாமி மரம். சாமி பாத்துக்குவாரு."

"எம் புருசனையுந்தான் பாத்தாரு."

"இந்தா பாரு, இந்தப் பேச்சுத்தான் வேணாங்கறேன். பூவராகன் கதைய அபசகுனமா எவங்கிட்டயாவது சொன்னே, அப்புறம் ஒரு ஆள் ஏற மாட்டான். படகு ஜாஸ்தி கெடக்குது இங்க. ஒன் தம்பியே கேட்டுட்டு இருக்கான்."

தம்பி தட்சிணாமூர்த்தி அங்கேதான் பீடி குடித்துக்கொண்டு நின்றான். அக்காள் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை சவாரியில்தான் இவர்கள் வீட்டில் உலை கொதித்தது. ராணியம்மாள் வாயை மூடிக்கொண்டாள். வெற்றிலையைத் துப்பிய துப்பில் ஜலீலின் பெஞ்சு நடுங்கியது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமாமிர்தம் என்ற அம்மாள் புருசனோடு வந்திருந்தாள். நெற்றி நிறையக் குங்குமம், கை நிறையக் கண்ணாடி வளையல். காடு முழுவதும் அவளுக்குக் கோயிலாகவே தெரிந்தது. கொக்கைப் பார்த்தும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் நல்லவள் என்பதில் ராணியம்மாளுக்குச் சந்தேகம் இல்லை. அதனாலேயே பயந்து, அவளை விட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தாள்.

மணவாளன் ஒடித்த முதல் கொத்தை இரண்டு கையும் ஏந்தி அந்த அம்மாள் வாங்கினாள். காம்பிலிருந்து பால் அவள் விரல்களில் வழிந்தது. நம் ஜனங்களுக்குக் கையில் ஒரு புனிதமான பொருள் வந்தால் அடுத்து அது எங்கே போகும்? விபூதி, பூ, சாமிப் படம், முதல் போணிக் காசு எல்லாம் போகிற இடம் ஒன்றுதான். ராமாமிர்தம் கண்களை மூடி, கொழுந்தைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

ராணியம்மாள் பாய்ந்தாள். ஓங்கி ஒரு அடி. கொழுந்து ஒரு பக்கம் பறந்தது, வளையல்கள் நொறுங்கிப் படகெல்லாம் சிதறின. திசை சொல்ல ஆளில்லாமல் படகு வேர்களுக்குள் போய் மோதி நின்றது. "ஐயோ!" என்று எல்லாரும் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சுமங்கலி வளையலை ஒடச்சுட்டாளே பாவி!" என்று ராமாமிர்தம் அழுதாள். அவள் புருசன் எழுந்து நின்று, "பொம்பள மேல கை வைக்கிறியா? யாருய்யா இவ?" என்று கத்தினார். மணவாளன் அவரைவிட உரக்கக் கத்தினார். ராணியம்மாள் எதையும் காதில் வாங்கவில்லை. அழுகிறவளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, குடத்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றி விரல் விரலாகக் கழுவினாள். அந்த அம்மாள் திமிறினாள். இவள் விடவில்லை. குடம் காலியான பிறகுதான் விட்டாள்.

பிறகு தடுமாறிக்கொண்டு பின்முனைக்குப் போனாள். பூவராகன் கோலைப் பிடித்தபடி, என்ன நடந்தது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்திலிருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. இந்த மரத்துப் பாலு ஒரு சொட்டு. இதான் ஒங்க பிரசாதம். அவுரு ஏன் துணி சுத்திகிட்டு ஒடிக்கிறாருன்னு யாராவது ஒருத்தராவது கேட்டீங்களா?"

மணவாளன் கர்ச்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "வுடு ராணி, வா, எந்தப் பக்கம்னு சொல்லு" என்றான் பூவராகன். கரை வரும்வரை அவள் குரல் ஒன்றுதான் கேட்டது. சோத்தாங்கை. பீச்சாங்கை. சோத்தாங்கை.

ராமாமிர்தம் இறங்கிப் போனாள். வேன் ஏறும்வரை இரண்டு கைகளையும் உடம்பை விட்டுத் தள்ளி, யாருடைய கைகளையோ தூக்கிப் போகிறவளைப்போலப் பிடித்துக்கொண்டு போனாள். கண்ணில் வழிந்ததைக்கூடத் தோளில்தான் துடைத்தாள்.

அன்று மாலையே சவாரி கைமாறிவிட்டது. தட்சிணாமூர்த்தி சேதி சொல்ல வந்து வாசலிலேயே நின்றான்.

"அக்கா, நா கேக்கல. அவரா வந்து சொன்னாரு. நாம் புள்ளகுட்டிக்காரன். நா என்னா செய்ய?"

"ஓட்டு. யாரு வேணாங்கறா?"

"அந்தக் கொழுந்து விசயம்... அது அவரு பாடு. நா கோலு போடுறதோட சரி."

"ஒன் மாமனும் கோலு போடுறதோட சரின்னுதான் இருந்தாரு, இத்தினி நாளா" என்றாள். அவன் தலை குனிந்துகொண்டே போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரையில் புது ஆட்கள். யார் கையையும் யாரும் பார்க்கவில்லை. குதித்து ஏறினார்கள். தட்சிணாமூர்த்தி கோலை ஊன்றினான். டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டு போயிற்று.

ராணியம்மாள் குடத்தோடு வந்து சேர்ந்தபோது படகு வளைவில் மறைந்துகொண்டிருந்தது. "சவாரி போயிருச்சேக்கா. தண்ணி எதுக்கு?" என்றார் ஜலீல். அவள் பூவராகனைக் கைப்பிடித்துத் தங்கள் காலிப் படகில் ஏற்றினாள். அவன் கண்ணாடி போட்டிருக்கவில்லை. குடத்தைப் பாதங்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

"நேரா போய்யா. வெரசா."

தில்லை மரத்தடியில் பிடித்துவிட்டார்கள். மணவாளன் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு கடைசிக் கொத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். படகில் இருந்த எல்லார் கையிலும் கொழுந்து, எல்லார் விரலிலும் பால். ஒரு பெண் அப்போதுதான் கண்ணை மூடப் போனாள்.

"கைய நீட்டு!"

அந்தக் குரலைக் கேட்டால் யாராக இருந்தாலும் நீட்டத்தான் செய்வார்கள். ஏன் என்று தெரியாமலே அத்தனை கைகளும் படகுக்கு வெளியே நீண்டன. "தட்சிணாமூர்த்தி, படகை எடு! எடுறா!" என்று மணவாளன் கூச்சல் போட்டார். ராணியம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். இரண்டு படகுக்கும் நடுவே இடைவெளி அகன்றது. அவள் கை எட்டவில்லை.

தட்சிணாமூர்த்தி மணவாளனைப் பார்க்கவில்லை. அக்காளையும் பார்க்கவில்லை. கோலைச் சேற்றில் ஆழக் குத்திவிட்டுக் குனிந்தான். அவள் படகின் விளிம்பை ஒரு கையால் எட்டிப் பிடித்து, தன் படகோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொண்டான்.