செலவாகாத முப்பத்தொரு நாள்

இங்கிலீஷ் பயிற்சி வகுப்பில் பாடம் நடத்துகிற பெண் பலகையில் 'ஸ்பெண்ட்' என்று எழுதிவிட்டு, இதைத் தமிழில் எப்படியெல்லாம் சொல்வீர்கள் என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். செலவு பண்றது, காலி பண்றது, கரைக்கிறது, வாரி இறைக்கிறது, தண்ணியா விடுறது. நேரத்துக்கு? ஓட்டுறது, தள்ளுறது, கழிக்கிறது. இங்கிலீஷில் காசுக்கும் நேரத்துக்கும் அந்த ஒரு சொல்லே போதும் என்றாள். பிறகு, கடைசியாக எடுத்த லீவை எப்படி ஸ்பெண்ட் பண்ணினோம் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டுமாம். என் முறை வந்தது. எங்கள் வீட்டில் லீவை வேஸ்ட் பண்ணக் கூடாது என்றுதான் பேச்சு மேடம், ஸ்பெண்ட் பண்ணிப் பழக்கமில்லை என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒன்றும் ஜோக் அடிக்கவில்லை.

ஒரகடத்தில் என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் அசெம்ப்ளி லைனில் நின்ற கம்பெனி அது. அவர் போன பிறகு எனக்குக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். வாசலில் வரவேற்பு மேசை. அதற்குத்தான் இந்த இங்கிலீஷ்.

வடக்குப்பட்டில் ஒரு துண்டு மனை வாங்கிப் போட்டிருந்தோம். வீடு கட்டும்போது ஆள் பக்கத்திலேயே நிற்காவிட்டால் மேஸ்திரி சிமெண்ட்டில் கை வைத்துவிடுவான் என்பது என் கட்சி. அதனால் அவருடைய லீவுக்கு நான்தான் காவல். அஸ்திவாரக் கடக்காலுக்கு நாலு நாள், தளம் போட மூன்று நாள், கதவு ஜன்னலுக்கு இத்தனை என்று காலண்டரின் பின்பக்கம் பிரித்து எழுதி வைத்திருந்தேன். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போகலாமா என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை போனால் முருகன் வேண்டாம் என்பாரா என்று வாயை அடைப்பேன். என் தம்பி நிச்சயதார்த்தத்துக்கே மனுஷர் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடுதான் வந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். ஷூவை மாட்டிக்கொண்டே நெஞ்சைத் தடவினார்.

"ஒரு மாதிரி அடைக்கிறாப்ல கீது. இன்னைக்கு லீவு போட்டுடட்டா?"

நான் தோசைக்கல்லிலிருந்து திரும்பக்கூட இல்லை.

"வாயுதான். ஓமத்தண்ணி தர்றேன், குடிச்சிட்டுப் போங்க. இதுக்குப் போயி ஒரு லீவ வேஸ்ட் பண்ணாதீங்க."

குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்தவர், கேட்டுக்குள் பஸ் நின்று எல்லோரும் இறங்கியபோது எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தட்டியிருக்கிறார்கள்.

இன்றைக்கும் ஐந்தே முக்காலுக்கு அந்த பஸ் எங்கள் தெருமுனையில் ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகிறது. எங்கள் தெருவில் அந்த ஷிஃப்ட்டுக்கு ஏறுவதற்கு இப்போது ஆளே கிடையாது, டிரைவருக்குக் கை பழகிவிட்டது. ஹாரன் அடங்கியதும் சமையலறையில் டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன். தொட்டி காய்ந்து கிடக்கும். ஓம டப்பாவைத் தூக்கி எறிந்தேன், அலமாரியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், வாசனை போகவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்?

காரியத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டுப் பாடினார்கள். ஒரு நாள் லீவு போடமாட்டான், தங்கமான உழைப்பாளி, இப்படி உழைத்தே போய்ச் சேர்ந்தான். வாயாடி என்று பெயரெடுத்த நான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. வல்லம் வடகாலில் கொழுந்தன் வீட்டில் இருந்த என் மாமியார், எங்களுக்குத் துணையாக அப்படியே தங்கிவிட்டார். என் பெண்ணுக்குத் தலைவாரி விடுவார், எனக்குச் சோறு கட்டித் தருவார். அவர் பிள்ளையை அனுப்பி வைத்தது நான்தான் என்று தெரிந்தால் இந்தக் கையால் சோறு போடுவாரா?

அப்புறம் கம்பெனியிலிருந்து செட்டில்மெண்ட் காகிதம் வந்தது. பி.எஃப். ஒரு வரி, கிராஜுவிட்டி ஒரு வரி. அதன் கீழே, எடுக்காத லீவு முப்பத்தொரு நாள், அதற்கான சம்பளம். அந்தப் பணத்தை மட்டும் பாங்கிலிருந்து எடுத்து, ஒரு மஞ்சள் பையில் போட்டு, பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், பெண்ணுக்குப் பழைய ஷூ கடித்தது. கைச்செலவுக்கு வேறு பணம் இல்லாததால் பையிலிருந்து நோட்டு எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் போனோம். ஷூ விலை கிட்டத்தட்ட அவருடைய ஒரு நாள் சம்பளம். நோட்டை நீட்டினேன். கடைக்காரர் பிடித்துக்கொண்டார், என் விரல் விடமாட்டேன் என்கிறது. இது எந்த நாள்? கடக்கால் நாளா? தளம் போடுகிற நாளா? அந்தச் செவ்வாய்க்கிழமையா? முப்பத்தொன்றில் அதுவும் ஒன்றுதானே. அன்றைக்கு எடுத்திருந்தால் முப்பது மிஞ்சியிருக்கும், ஆளும் மிஞ்சியிருப்பார். ஷூ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிள்ளை ஏன் அழுகிறாள், ஷூ எங்கே என்று அத்தை கேட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மஞ்சள் பையை அவர் மடியில் வைத்து, அன்றைக்கு அவர் பிள்ளை லீவு கேட்டது, நான் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னது, ஓமத்தண்ணி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அறையட்டும் என்றுதான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அத்தை பையைத் திறக்கவில்லை. அதன் காதை முறுக்கி முறுக்கி விட்டுக்கொண்டிருந்தார். முறுக்கிக்கொண்டே பேசினார்.

"அன்னைக்குக் காலைல பஸ்ஸுக்கு நிக்கறப்போ எனக்குப் போன் பண்ணான்மா. நெஞ்ச அடைக்குது, வூட்டுக்கே திரும்பிப் போயிடட்டான்னு கேட்டான். வூடு கட்டணும் இல்ல, இன்னா பெரிய அடைப்பு, போய்ட்டு வாடான்னேன்."

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவர் முகத்தை நானும் பார்க்கவில்லை. அன்றைக்கு என் வீட்டுக்காரர் என் ஒருத்தியிடம்தான் கேட்டார் என்று அதுவரை நினைத்திருந்தேன்.