குளவிக்குக் குழாய் தொங்கவிட்ட கதை

காட்டுத் தேனீயும் குளவியும் எந்த ஊரில எத்தனை சாதி இருக்கு, எங்க கூடு வைக்குது எண்டு பாக்கிற வேலையில, பூச்சியால வாற கரைச்சல் குறைவு, மனிசரால வாறதுதான் கூட.

நீங்க என்ன கேக்கப்போறீங்க எண்டு எனக்குத் தெரியும். கலியாண வீட்டில கதிரையில குந்த விடமாட்டாங்க. "அண்ணன், எத்தனை தரம் குத்து வாங்கினீங்க? முகம் வீங்கிச்சா? அந்த வீங்கின வாயால ஒருக்காக் கதைச்சுக் காட்டுங்களன்." நான் நாலு பேரிட குரலில கதைக்கிற ஆள் எண்டு ஊருக்குத் தெரியும். மண்ணைக் குழைக்கேக்க குளவி 'ங்ஙீ' எண்டு போடுற சத்தத்தையும் அச்சொட்டாச் செய்வன். ஆனா முகம் வீங்கின கதை இதில ஒண்டும் இல்ல, ஆசைப்படாதீங்க. கரண்ட் மீற்றர் பாக்க, நுளம்புக்குப் புகை அடிக்க எண்டு வீடு வீடா ஏறி இறங்கிற ஆக்கள் ஆராவது வாசிச்சா, உங்களுக்குத்தான் இது. மத்தாக்களுக்கு இந்த அலுப்பு விளங்காது.

வேலை இதுதான். ஒரு பக்கம் கணு அடைச்ச மூங்கில் குழாய்களைக் கட்டாக் கட்டி, வாவியச் சுத்தி ஊர் ஊரா வளவுகளில தொங்கவிடணும். தனியா வாழுற தேனீயும் குளவியும் அதுக்குள்ள கூடு வைக்கும். குளவி எண்டா, புழுவையோ சிலந்தியையோ குத்தி மயக்கிக் கொண்டு வந்து உள்ளுக்கு அடுக்கி, முட்டை வச்சு, வாயை மண்ணால அடைச்சுப்போட்டுப் போயிடும். புறகு நாங்க போய்க் கட்டை எடுத்து, எந்த ஊரில எது எண்டு வரைபடம் போடுவம். ஆராய்ச்சி, கம்பஸில படிப்பிக்கிற எங்கட மிஸ்ஸிட. வேலைக்கு எடுத்த அண்டே அவ சொன்னா: "அண்ணன், கட்டு தொங்கவிட்ட இடத்திலேயே கிடக்கணும். இடம் மாறினா வரைபடம் பொய். பொய் எண்டா அடுத்த வருசம் எனக்கும் ஆராய்ச்சி இல்ல, உங்களுக்கும் வேலை இல்ல."

கழுவின கிண்ணம்

கட்டோட சேத்து மஞ்சள், நீலம், வெள்ளை எண்டு சின்னக் கிண்ணங்களில சவர்க்காரத் தண்ணி வைக்கிறதும் உண்டு. பூவெண்டு நினைச்சு வாற பூச்சி அதுக்குள்ள விழும். கல்குடாவில ஒரு அக்காட வளவில விடியக் காலமை வச்சிட்டுப் போய், பின்னேரம் வந்து பாத்தா, கிண்ணமெல்லாம் கிணத்தடியில பளபள எண்டு கவிண்டு கிடக்கு. அக்கா தேத்தண்ணியோட வாறா. நான் நன்றி சொல்லப்போறன் எண்ட முகம்.

"தண்ணி முழுக்கப் பூச்சி செத்துக் கிடந்துது தம்பி. நான்தான் ஊத்திப்போட்டுத் தேச்சுக் கழுவி வச்சன்."

குமர் இருக்கிற வீடு

மாங்கேணியில ஒரு அம்மா படலையைத் திறக்கவே விடல்ல.

"அது என்ன கட்டு மனே?"

"குளவி கூடு வைக்கிற கட்டம்மா."

சொல்லியிருக்கக் கூடாது. வீட்டில குளவி மண்கூடு கட்டினா அந்த வீட்டில ஆரோ பிள்ளைத்தாச்சியாகப்போறாங்க எண்டு எங்கட பக்கத்தில ஒரு நம்பிக்கை. அவவுக்குக் கலியாணம் ஆகாத மகள் ஒராள். அந்தப் பிள்ளை யன்னலுக்கால சிரிப்பை அடக்கிக்கொண்டு எட்டிப் பாக்குது. நான் விஞ்ஞானம் சொன்னன். மிஸ்ஸிட குரலிலயே சொன்னன், வழமையா அது பலிக்கும். அம்மா முழுசாக் கேட்டுப்போட்டு, பெருமூச்சு விட்டு, வளவுக் கடைசியைக் கையால காட்டினா.

"ஆட்டுக்கொட்டில்ல தொங்கப் போடு மனே. ஆடு குட்டி போட்டா ஆரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க."

வட்ட வெட்டு

டவுனில ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். அவட ரோசாச் செடியில இலையெல்லாம் வட்ட வட்டமா வெட்டுப்பட்டுக் கிடந்துது. பக்கத்து வீட்டு மனிசி எரிச்சலில கத்தரிக்கோலால வெட்டுறா எண்டு டீச்சர் சத்தியம் பண்ணினா. நான் அவட வளவுக் கட்டில ஒரு குழாயைப் பிளந்து காட்டினன். இலை வெட்டுற தேனீ, வெட்டின துண்டுகளைச் சுருட்டு மாதிரிச் சுத்தி, ஒவ்வொரு சுருட்டுக்குள்ளயும் பூந்தூளும் ஒரு முட்டையும் வச்சு வரிசையா அடுக்கியிருந்துது. டீச்சர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டு, ஒரு துண்டை விரிச்சு, செடியில இருந்த வெட்டோட வச்சுப் பாத்தா. பொருந்திச்சு. நான் பாராட்டுக்குக் காத்துக்கொண்டு நிண்டன்.

"இவ்வளவு காலமும் அவவோட கதைக்காம இருந்தனே, இனி நான் என்னத்தைச் சொல்லிக்கொண்டு வேலியடிக்குப் போறது?"

நிறைஞ்ச கட்டு

கட்டுகளை எடுக்கிற நேரம் மிஸ்ஸும் வந்தா. மாங்கேணியில ஒண்டும் இல்ல, குழாயெல்லாம் வெறுமை. கல்குடாவிலயும் அப்பிடித்தான். வேனுக்குள்ள மிஸ் வரைபடத்தை விரிக்கிறதும் மடிக்கிறதுமா வந்தா. நான் ஆரிட குரலையும் பிடிக்கல்ல. அடுத்த வருசம் என்ன வேலைக்குப் போறது எண்ட யோசினை எனக்கு.

கடைசியா ஆரையம்பதி. புருசனும் பெண்சாதியும் மட்டும் இருக்கிற சின்ன வீடு. கட்டைப் பாத்ததும் மிஸ் "ஐயோ!" எண்டு கத்திப்போட்டா. ஒரு குழாய் மிச்சமில்லாம வாய் அடைச்சிருக்கு. சிவந்த மண், சாம்பல் மண், கறுத்தக் களி எண்டு விதம் விதமா. "அண்ணன், வாவிக்குத் தெற்காலதான் குளவி குவிஞ்சிருக்கு! எத்தனை சாதி, பாருங்க!" எனக்கும் உசிர் வந்திச்சு.

மிஸ் கட்டை அவிழ்க்கப் போக, அந்தப் பெண்சாதி ஓடி வந்து ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டா. "இதை மட்டும் கொண்டு போகாதீங்க மிஸ். அதுகள் பறந்து போகுமட்டும் கிடக்கட்டும்." புருசன் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான். மிஸ் பொறுமையா, இந்த ஊர்க் குளவி ஆராய்ச்சிக்கு எவ்வளவு முக்கியம் எண்டு விளங்கப்படுத்தத் தொடங்கினா. வேலிக்கு அங்கால உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்ட அக்காவுக்குப் பொறுக்கல்ல.

"எந்த ஊர்க் குளவி மிஸ்? மாங்கேணியில இருந்து இவட பெரியம்மா, கல்குடாவில இருந்து மச்சாள், எல்லாரும் மண் அடைச்ச குழாயாப் பாத்து உருவி, அந்த இடத்தில வெறுங்குழாயைச் சொருகிப்போட்டு, பஸ்ஸில மடியில வச்சுக் கொண்டு வந்தது. பிள்ளையில்லாத இவவுக்கு ஒரு குஞ்சு கிடைக்காதா எண்டுதான். இங்க தானா வந்த குளவி ஒண்டும் இல்ல."

அந்த வருச வரைபடத்தைப் பாத்துக் குளவி எங்க இருக்கெண்டு ஆராலயும் சொல்ல ஏலாது, பிள்ளைக்கு ஏங்கிற வீடு எங்க இருக்கெண்டு மட்டும் அதில பிழையில்லாமக் கிடக்கு.