கணக்கு மெஷின் விரல்கள்

கிரீன்ஸ்பர்க் கண்ணாடித் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வெரோனா ஹுடாக் என்றால் எல்லாருக்கும் கொஞ்சம் பயம். கூட்டல் மெஷினில் விரல் ஓடும்போது அவள் கண் அந்தப் பக்கமே போகாது. பக்கத்து மேஜைக்காரியை முறைத்துக்கொண்டே ஆலை முழுசுக்கும் கூலியைக் கூட்டி முடித்துவிடுவாள். கல்யாணம் கட்டவில்லை, தாயாரோடுதான் வாசம். அந்த விரல் வித்தையில் கர்வம் உண்டா என்றால், இல்லாமல் என்ன?

தங்கை இர்மா வேறு சபைக்காரனைக் கட்டிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனபிறகு கிழவி அவள் பேச்சையே எடுத்ததில்லை. அறுபத்துமூன்று டிசம்பரில் படுக்கையில் விழுந்தபிறகுதான், "இர்மாவக் கூப்பிடு" என்றாள்.

அப்போதுதான் வீட்டுக்குப் பொத்தான் போன் வந்திருந்தது. சுழற்ற வேண்டாம், அமுக்கினால் போதும் என்று ஊரே பூரித்துக் கிடந்தது. வெரோனாவுக்குக் கேட்கவா வேண்டும்? அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே கடகடவென்று அமுக்கினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் அதே கதை. நேரில் போய்ச் சொல்லட்டுமா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். வெரோனா வீம்பு பிடித்தவள், வேண்டாம் என்றுவிட்டாள். கிழவி கண்ணை மூடிவிட்டாள்.

அடக்கம் முடிந்து வீட்டில் எல்லாரும் முட்டைக்கோஸ் போட்ட ஹலுஷ்கி சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் இர்மா மூச்சிரைக்க வந்து நின்றாள். கறிக்கடையில் யாரோ சொல்லித்தான் தெரிந்ததாம்.

"ஒரு போன் பண்ண உனக்கு விரல் வளையலையாக்கா?"

"எத்தன தடவடி பண்றது? நீ எடுத்தாத்தானே."

குழந்தைக்கு அம்மை, வாரம் பூராவும் வாசல் தாண்டவில்லை, மணியே அடிக்கவில்லை என்று இர்மா சத்தியம் பண்ணினாள். புளுகாதே என்று திட்டிக்கொண்டே வெரோனா அவள் முன்னாலேயே, வழக்கம்போல் பாராமல், அமுக்கிக் காட்டினாள்.

"நில்லுக்கா. ஏழுக்குப் பதிலா ஒண்ண அமுக்குற."

கூட்டல் மெஷினில் ஏழு, எட்டு, ஒன்பது மேல் வரிசை. இந்தப் போனில் மேலே இருப்பது ஒன்று, இரண்டு, மூன்று. பாவி விரல் பழகின வழியிலேயே ஓடியிருக்கிறது. யாரோ ஒருத்தர் வீட்டில், ஆளில்லாத அறையில், மணி அடித்து ஓய்ந்திருக்கிறது.

இர்மா ரிசீவரை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "நான் ஏன் வரலன்னு அம்மா கேட்டிருப்பாளே. என்ன சொன்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். வெரோனாவுக்கு வாய் வரவில்லை.

"நீ வேணும்னே எடுக்கலன்னு சொன்னேன். அவளும் நம்பிட்டா."

இர்மா கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் வெரோனா கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்துப் பார்த்து அமுக்கினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இந்தமுறை மணி அடித்தது இர்மா வீட்டில்தான். அவளும் உள்ளேதான் இருந்தாள்.