மேம்பாலப் படியில் எண்ணிய மூச்சு

எனக்கு முடக்குவாதம் வந்து ஏழு வருடமாகிறது. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை, முடிச்சூரில் வீடு. ரயிலில் உட்கார்ந்துவிட்டால் கவலையில்லை. தாம்பரம் நிலையத்து நடைமேம்பாலம்தான் பெரும்பாடு. பாதிப் படியில் முட்டி பிடித்துக்கொண்டால் சிலையாக நின்றுவிடுவேன்.

எனக்குப் பிசியோதெரபி செய்யும் பெண் ஒருநாள் கேட்டாள். "மேடம், வலி வந்ததும் மூச்சைப் பிடிச்சுக்கறீங்க, கவனிச்சீங்களா?"

கவனித்ததே இல்லை. நாலு எண்ணி மூக்கால் இழுக்கணும், ஆறு எண்ணி மெதுவாக விடணும், வயிறு உப்பணும், தோள் ஏறக் கூடாது என்று செய்து காட்டினாள். "மாத்திரைய நிறுத்திடாதீங்க. இது அதோட சேர்த்துப் பண்றது."

"மூச்சு விடறதுக்கு ஒரு கிளாஸா?" என்று என் கணவர் சிரித்தார். இரண்டு வாரம் கட்டிலில் படுத்துப் பழகினேன். நன்றாகத் தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு மாலை. மழையில் படியெல்லாம் ஈரம். இறங்கும்போது பாதியில் வலது முட்டி பிடித்துக்கொண்டது. "ஓரமா நில்லும்மா!" என்று பின்னாலிருந்து குரல். கம்பியைப் பற்றிக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன், நான் மூச்சே விடவில்லை! அவள் சொன்னது அப்படியே உண்மை! வலியிலும் எனக்கு ஒரே பரபரப்பு. வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு பெண் நின்றாள். "இன்னாக்கா, சாமி கும்புட்டுகினு கீறியா?"

"இல்லம்மா, மூச்சை எண்றேன். முட்டி வலி."

"எனக்குந்தான் கீது. சொல்லு, நானும் எண்றேன்."

கூடையைப் படியில் வைத்தாள். நான் நாலை முடிப்பதற்குள் அவள் ஆறைத் தாண்டிவிட்டாள். "மெதுவா, மெதுவா" என்று சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு ஒன்பது சுற்று போயிருக்கும். இறுகிக் கிடந்த தாடை தளர்ந்தது, தோள் இறங்கியது. வலி இருந்தது, ஆனால் காலை எடுத்து வைக்க விட்டது. ஒரு படி, ஒரு மூச்சு. இன்னொரு படி. கீழே வந்ததும் நான் வாய் திறப்பதற்குள் அவள் கத்தினாள்: "எறங்கிட்டக்கா!"

வெளியே வண்டியோடு காத்திருந்த கணவரிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். "நானே இறங்கிட்டேங்க!"

"தினமும் இறங்குறதுதானே?"

"முட்டி பிடிச்சப்புறம் இறங்கினேன்! யாரும் தூக்கல!"

தூறலிலேயே நின்று வயிற்றில் கை வைத்து அவருக்கு மூச்சை இழுத்துக் காட்டினேன். அவரும் தன் வயிற்றில் கை வைத்து இழுத்தார். ஆட்டோக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வெட்கமே இல்லை.

மாத்திரை இன்றும் தொடர்கிறது. மூச்சு கைகொடுக்காத நாட்களில் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் பாலத்தைக் கண்டால் வரும் பயம் போய்விட்டது. பூக்காரப் பெண்ணுக்கு ஆறு ரொம்ப நீளமாம், அஞ்சாகக் குறைத்துக்கொண்டாள். அப்படிக் குறைக்கலாமா என்று தெரபி பெண்ணிடம் கேட்டேன். "தாராளமா" என்றாள்.