பச்சைப்பூச்சி வந்த சத்திரம்

தீபாவளிக்கு எங்கள் ஊர்ப் பழைய சத்திரத்தை விளக்கால் அலங்கரிக்கச் சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். கறுப்புச் சட்டை, வெள்ளை ஷூ. எதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். நான் நீட்டிய டீ கிளாஸைக்கூட அப்படித்தான் பார்த்தார்.

சத்திரத்தைச் சுற்றிச் சம்பா வயல். ஐப்பசியில் வாசல் விளக்கை அணைத்துவிட்டுத்தான் நாங்கள் சோற்றில் கை வைப்போம். விழாக் கமிட்டியில் இருந்ததால் அவரிடம் சொன்னேன். "இவ்வளவு வெளிச்சம் வேணாங்க. வயல்ல இருக்கிற பச்சைப்பூச்சி மொத்தமா எழுந்து வந்துடும்."

"பூச்சிக்குப் பயந்து இருட்டுல தீபாவளி கொண்டாடுவீங்களா சார்?" என்றார்.

பொழுது சாய்ந்ததும் ஸ்விட்சைப் போட்டார். சத்திரம் நீலமாக எழுந்து நின்றது. கூட்டம் கைதட்டி முடிப்பதற்குள் பூச்சி வந்துவிட்டது. காதில், மூக்கில், குழந்தைகளின் வாயில். பாயசத்தில் மிதந்தது. தரையில் மிதிபட்டு வழுக்கியது. நான் துப்பிக்கொண்டே ஓடிப்போய், "நிறுத்துங்க சார்" என்றேன்.

அவர் காதில் வாங்கவில்லை. வெளிச்சத்தில் பூச்சிகள் சுழல்வதை இரண்டு கண்ணையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டில் ஒன்று ஊர்ந்தது. தட்டிவிடக்கூட இல்லை.

"இது நாளைக்கும் வருமா சார்?"

நான் மறுபடியும் துப்பினேன். மறுநாள் காலையில் செத்த பூச்சியை முறம் முறமாக அள்ளிக் கொட்டினோம். அந்த நாற்றம் லேசில் போகவில்லை.

அன்று ராத்திரி அவர் எடுத்த வீடியோ என் போனுக்கும் வந்தது. சுவர் மேல் வயலே ஏறி நின்று அசைவதுபோல் இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.