காப்பி கிளப் சுவர்

உத்திரமேரூர் கடைத்தெருவில் நைனா வாடகை சைக்கிள் கடை வைத்தபோது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மெட்ராஸில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டு திரும்பியவர். எங்கள் காலனியிலிருந்து கடைத்தெருவுக்குள் கடை பிடித்த முதல் ஆள் அவர்தான். அம்மாவுக்கு அதில் பெருமையும் பயமும் சரிபாதியாக இருந்தன.

கடைக்குப் பெயர் எழுத வேண்டியிருந்தது. கடையின் பக்கவாட்டுச் சுவர் காஞ்சிபுரம் பஸ் திரும்பும் முனையைப் பார்த்து இருந்ததால் அதில் எழுதினால் பஸ்ஸில் வருகிறவர்கள் கண்ணில் படும் என்பது நைனாவின் கணக்கு. பெயிண்டர் வந்து நகத்தால் சுவரைக் கீறிப் பார்த்தார்.

“இத்தெல்லாம் சுரண்டி எடுத்துட்டு கூப்புடுப்பா. இதும் மேல எழுதினா ஒரு மழைக்கு உரிஞ்சி வந்துடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனா இரும்புத் தகட்டால் சுரண்ட ஆரம்பித்தார். நானும் ஒரு தகட்டை எடுத்துக்கொண்டேன். மேலே இருந்தது யூரியா விளம்பரம். பச்சைப் பயிர் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதற்குக் கீழே குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். அதற்கும் கீழே பல்பொடி விளம்பரத்துப் பெண்ணின் பாதிச் சிரிப்பு. அதையும் சுரண்டினால் டூரிங் டாக்கீஸின் ‘இன்று முதல்’ என்ற எழுத்துகள். எந்த இன்று என்று யாருக்கும் தெரியாது.

பிறகு ஒரு தடித்த சுண்ணாம்புப் பத்தை அப்படியே பெயர்ந்து விழுந்தது. உள்ளே நீல எழுத்துகள். அப்போது எனக்குக் கண்ணில் படுவதையெல்லாம் சத்தமாகப் படிக்கிற வியாதி இருந்தது. பஸ் போர்டு, தீப்பெட்டி, பொட்டலத் தாள் எதையும் விடமாட்டேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“காப்பி கிளப். சுத்தமான பசும்பால் காப்பி. சகல ஜனங்களும் விஜயம் செய்யவும்.”

அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் இன்னொரு வரி. ‘லை’ மட்டும் பழைய மாதிரி, யானைத் தும்பிக்கை போட்டு எழுதியிருந்தது. அதையும் தெருவுக்கே கேட்கும்படி படித்தேன்.

“பஞ்சமர்களுக்குப் பிரவேசமில்லை.”

எதிர்க்கடையில் தராசு பிடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நைனாவின் கை நின்றுவிட்டது.

“பஞ்சமர்னா யாரு நைனா?”

“நம்ப ஜனங்கதாம்மா.”

“பிரவேசம்னா?”

“உள்ள வர்றது.”

எனக்குக் குழப்பமாக இருந்தது. நாங்கள்தான் தினமும் இதே கட்டடத்துக்குள்ளே போய் வருகிறோமே. எழுதியவர் தப்பாக எழுதிவிட்டார் என்று முடிவு செய்தேன். மேல் வரியில் எல்லாரும் வாருங்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். எங்கள் வகுப்பில் இப்படி மாற்றி மாற்றி எழுதினால் டீச்சர் தலையில் குட்டுவார்.

சேதி போய், கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டடத்துக்காரர் வேகமாக வந்தார். அங்கே காப்பி கிளப் நடத்தியது அவருடைய அப்பா. சுவரைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“இது எங்கப்பா காலத்து சமாச்சாரம்பா. சுண்ணாம்பு குழைச்சி அடிச்சி மூடிடு. ஜனங்க பாக்கறாங்க.”

“மூடிடறேங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இருக்கட்டும்.”

“எதுக்கு?”

“எங்கண்ணன் ஒரு வாட்டி பாக்கணும்.”

அவர் நைனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். கடையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று சுற்றி நின்றவர்கள் எதிர்பார்த்தார்கள். நைனாவும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று பிற்பாடு அம்மா சொல்லித் தெரியும். ஆனால் கட்டடத்துக்காரர், “பேஜார் ஆவாம பாத்துக்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்தபடி போய்விட்டார்.

நைனா என்னைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, சைக்கிளில் போய்ப் பெரியப்பாவை கேரியரில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெரியப்பா ஏர் ஓட்டுகிறவர். சேறு காயாத காலோடு வந்து நின்றார். சிறு வயதில் இந்த காப்பி கிளப்புக்கு விறகுக் கட்டு சுமந்து வந்து பின்பக்கம் போட்டுவிட்டு, கொட்டாங்குச்சியில் ஊற்றிய காப்பியை அங்கேயே உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனவர். அவருக்குப் படிக்கத் தெரியாது.

“அதே நீலம்டா” என்றார் சுவரைப் பார்த்து. பிறகு என்னிடம், “இன்னா எழுதிகீது, படிம்மா” என்றார்.

நான் இரண்டு வரியையும் தப்பில்லாமல் படித்தேன். அவர் மறுபடியும் படிக்கச் சொன்னார். படித்தேன்.

“இத்தையா எழுதி வெச்சிருந்தான்?” என்று நைனாவைப் பார்த்தார். “நானு இட்லி, தோச, வடைன்னு எழுதிகீதுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன். வெறகு போட வரும்போதெல்லாம் பாத்துகினே நிப்பேன்டா. அவ்ளோ அயகா இருக்கும்.”



“நம்பள்ல அப்போ ஒர்த்தனுக்கும் படிக்கத் தெரியாதேடா. யாருக்குன்னு எழுதினான்?” என்று கேட்டுவிட்டுப் பெரியப்பா சிரித்தார். நைனாவும் சிரித்தார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார்கள். நான் நன்றாகப் படித்ததில்தான் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று எனக்குப் பட்டது. அதனால் நானும் சிரித்தேன்.

முனை டீக்கடையிலிருந்து டீ வாங்கி வந்து, உட்காரச் சொல்லி நைனா ஸ்டூலை எடுத்துப் போட்டார். பெரியப்பா உட்காரவில்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சுவரருகே போனார்.

“இதுல எதும்மா நம்ப பேரு?”

நான் அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டினேன். அவர் ஆள்காட்டி விரலை வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வளைவு வளைவாக, மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். டீ ஆறிப்போய்விட்டது.

மறுநாள் நைனா சுண்ணாம்பு அடித்தார். பெயிண்டர் வந்து சிவப்பில் கடைப் பெயரை எழுதினார். நான் அம்மாவிடம், பெரியப்பாவுக்குப் படிக்க ஆசை வந்துவிட்டது என்று சொன்னேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிலேட்டை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போய், அவர் விரலைப் பிடித்து ‘அ’ போட வைத்தேன். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.