வேகாத தமால்

என் ஓரகத்தி ஃபிலெமோனா மலையிலிருந்து வஹாக்கா நகரத்துக்கு வாழ வந்தபோது அரைகுறை ஸ்பானிஷ்தான் பேசுவாள். ஆனாலும் அவள் சோளமாவைச் சோளத்தோலில் சுற்றி அவிக்கும் தமால்தான் மாமியாருக்கு உசத்தி. பதினெட்டு வருஷமாக நான் அவித்துக் கொட்டியது கண்ணில் படவில்லை.

ஞானஸ்நான விருந்தன்று அவள் ஏற்றிய பானை மூன்று மணி நேரமாகியும் வேகவில்லை. அடுப்படியில் யாராவது பொறாமைப்பட்டால் தமால் வேகாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பொறாமைப்பட்டவள் பானையைச் சுற்றி ஆடினால்தான் வேகும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நானா ஆடுவேன்? வெடுக்கென்று மூடியைத் திறந்தேன். இருந்த ஆவியும் போயிற்று.

“எம்பியோரார் பண்ணாதடி,” என்றாள் மாமியார்.

“அப்படின்னா என்னக்கா?” என்று ஃபிலெமோனா என்னிடமே கேட்டாள்.

“கெட்டுக்கிடக்கறத இன்னும் கெடுக்கறது.”

வார்த்தையை இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்தாள்.

“ஆடிடுங்கக்கா. எம்பியோரார் பண்ணாதீங்க.”

அவள் தப்பில்லாமல் பேசிய முதல் ஸ்பானிஷ் அதுதான்.